கேள்வி – பதில்: நானோ ஆய்வகத்தில் பத்து வாரம்

இளங்கலை மாணவர்களுக்கான கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகளைப் பற்றி, குறிப்பாக நானோ ஃபேப்ரிகேஷன் என்னும், நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் அமைப்புகளைச் செய்யும் நானோ உருவாக்கத் துறையில் கிடைப்பவற்றைப் பற்றி, வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நானோ உருவாக்க ஆய்வகம் ஒன்றில் கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்குமாறு எங்கள் பேராசிரியர் சொல்கிறார். முன் அனுபவமே இல்லாத மாணவரை நம்பி அவ்வளவு விலையுயர்ந்த கருவிகளைக் கொடுப்பார்களா? கொடுத்தாலும் பத்து வாரத்தில் என்ன செய்து முடிக்க இயலும்?
– இயற்பியல் மாணவர்

பதில்: கொடுப்பார்கள், ஆனால் முதல் நாளே கொடுக்க மாட்டார்கள். அமெரிக்காவில் இத்தகைய பயிற்சிகள் பெரும்பாலும் பத்து வாரம் நடக்கின்றன. அதில் முதல் இரண்டு வாரங்கள் பாதுகாப்பு வகுப்புகளிலும், ஒவ்வொரு கருவியையும் தனியாக இயக்குவதற்கான தகுதித் தேர்வுகளிலும் போய்விடும். கடைசி வாரம் ஆய்வு முடிவுகளைக் காட்டும் சுவரொட்டி தயாரிப்பதிலும் உரைக்கு ஒத்திகை பார்ப்பதிலும் கழியும். இடையில் ஏதேனும் ஒரு கருவி பழுதாகி நிற்பது ஏறக்குறைய உறுதி என்பதால், உண்மையில் கையில் கிடைப்பது ஆறு வாரம் என்று எண்ணிக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

வேலை நடக்கும் இடம் கிளீன் ரூம் எனப்படும் தூய அறை. ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த 5-ஆம் தரத்தில் உள்ள அறையில், அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் 3,520-க்கு மேல் இருக்கக் கூடாது. நாம் வாழும் அறைகளின் காற்றில் அத்தகைய துகள்கள் பல இலட்சங்களாக மிதக்கின்றன. அந்த அறைக்குள் வரும் தூசிக்கு முதன்மையான காரணம் மனிதர்களே என்பதால்தான் தலைமுதல் கால்வரை மூடும் அங்கியை, தலையுறையில் தொடங்கிக் காலுறையில் முடியும் ஒழுங்கில், மேலிருந்து கீழாக அணியச் சொல்கிறார்கள். மேலே கையாளும்போது உதிர்வது கீழே இன்னும் அணியாத உடையின்மேல் படியாதிருக்கவே இந்த வரிசை. லித்தோகிராஃபி, அதாவது பூச்சின்மேல் நுண் வடிவங்களை வரையும் வேலை, நடக்கும் பகுதியில் விளக்குகள் மஞ்சளாக இருப்பதும் அலங்காரத்துக்காக அன்று. ஒளிக்கு வினைபுரியும் ஃபோட்டோரெசிஸ்ட் என்னும் பூச்சு நீல ஒளியிலும் புற ஊதாவிலும் மாறிவிடும் என்பதால் அவ்விரண்டையும் அங்கே வடிகட்டிவிடுகிறார்கள்.

அடிப்படை வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேஃபர் எனப்படும் மெல்லிய சிலிக்கான் தகட்டின்மீது ஒரு மெல்லிய படலத்தைப் படியவைக்க வேண்டும். அதன்மேல் ரெசிஸ்டைச் சுழற்றிப் பூச வேண்டும். ஒளியாலோ எலக்ட்ரான் கற்றையாலோ அதில் வடிவத்தை வரைய வேண்டும். வேண்டாத பகுதியை அமிலத்தாலோ, மின்னூட்டம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவாலோ அரித்து நீக்க வேண்டும். பிறகு அடுத்த படலத்துக்கு இதையே மறுபடி செய்ய வேண்டும். ஆறு வாரத்தில் ஒரு மாணவரால் இந்தச் சுற்றை முழுமையாகச் சில முறை ஓட்டிப் பார்க்க முடியும். புதியதொரு டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்துவிட முடியாது.

ஆகவே மாணவருக்குத் தரப்படும் பணி பெரும்பாலும் எளிமையாகவே தோன்றும். பிளாஸ்மாவின் ஆற்றலையும் அறையின் அழுத்தத்தையும் மாற்றும்போது நைட்ரைடு படலம் அரிபடும் வேகம் எப்படி மாறுகிறது என்று அளக்கச் சொல்வார்கள். புதிதாக வாங்கிய ரெசிஸ்ட் ஒன்று எந்தச் சுழல் வேகத்தில் எவ்வளவு தடிமனில் படிகிறது என்று வரைபடம் தயாரிக்கச் சொல்வார்கள். இதை எடுபிடி வேலை என்று எண்ணிச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுழல் வேகத்தை நான்கு மடங்காக்கினால் தடிமன் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பாடநூலில் உள்ள வாய்பாடு. அந்த ஆய்வகத்தின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும், அங்கே திறந்துவைத்த அந்தப் புட்டியில், எத்தனை நானோமீட்டர் வருகிறது என்பதை யாராவது அளந்துதான் ஆக வேண்டும். நீங்கள் அளந்து தரும் அட்டவணையை நம்பித்தான் அடுத்து வரும் முனைவர் பட்ட மாணவர் தம் வேலையைத் தொடங்குவார்.

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவள். இணையத்தில் பார்க்கும் நல்ல பயிற்சிகள் எல்லாவற்றிலும் குடியுரிமை கேட்கும் அந்த ஒரு வரியில் என் விண்ணப்பம் நின்றுவிடுகிறது. வேறு வழி உண்டா?
– மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு மாணவி

பதில்: நீங்கள் குறிப்பிடுவது அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும், ஆர்.இ.யூ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இளங்கலை ஆய்வுத் திட்டம். அந்தப் பணத்திலிருந்து உதவித்தொகை பெறும் மாணவர் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உடையவராக இருக்க வேண்டும் என்பது விதி. இதில் ஆய்வகங்களுக்கு விருப்புரிமை கிடையாது. விண்ணப்பித்துவிட்டு விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதுவதில் பயனில்லை. பட்டம் பெற்று வெளியேறியவர்களும் பொதுவாக இதில் சேர முடியாது. மாறாக, இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி மாணவர்கள் சேரலாம். பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை என்பதாலேயே தயங்கி விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நான் அறிவேன், அது தேவையற்ற தயக்கம்.

உங்களைப் போன்றவர்களுக்கு மூன்று பாதைகள் தெரிகின்றன. அமெரிக்காவிலேயே மாணவர் விசாவில் படிப்பவராக இருந்தால், பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியில் நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டங்களையும், பேராசிரியர் ஒருவரின் வேறு நிதியிலிருந்து ஊதியம் வரும் வாய்ப்புகளையும் தேடுங்கள். படிக்கும் வளாகத்துக்கு வெளியே என்றால், வேலை தொடங்கும் முன்பே பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் எழுத்துவழி அனுமதி தேவை. இதில் வாய்மொழியை நம்பக் கூடாது.

இரண்டாவது பாதை பிற நாடுகள். கனடாவின் மிட்டாக்ஸ் அமைப்பு நடத்தும் குளோபலிங்க் பயிற்சி 12 வாரம் நடப்பது. குறிப்பிட்ட சில நாடுகளில் படிக்கும் மாணவர்களுக்கு உரியது, இந்தியா அவற்றுள் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்தை ஒட்டியே விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜப்பானில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் எந்த நாட்டு மாணவரையும் ஆய்வுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனியின் ரைஸ் திட்டத்தில் முனைவர் பட்ட மாணவர் ஒருவருடன் இணைத்துவிடுவார்கள். ஆனால் அது வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இடங்களில் படிப்பவர்களுக்கானது. இந்தியாவில் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக வழங்கும் இரண்டு மாத உதவித்தொகை உண்டு, தவிர, ஐ.என்.யூ.பி. (இந்திய நானோ மின்னணுவியல் பயனாளர் திட்டம்) என்ற பெயரில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மும்பை ஐ.ஐ.டி.யும் தம் நானோ ஆய்வகங்களை வெளியாருக்குத் திறந்துவைக்கும் திட்டமும் உண்டு.

மூன்றாவது பாதையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: உங்கள் கல்லூரியிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியோ படலம் படியவைக்கும் கருவியோ வைத்திருக்கும் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டுவது. தூய அறை இல்லாத இடத்திலும் வெற்றிடக் குழாயின் கசிவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளலாம். அது தெரிந்த விண்ணப்பதாரரை நான் ஒருபோதும் ஒதுக்கியதில்லை.

கேள்வி: விண்ணப்பக் கட்டுரையில் என்ன எழுதுவது? என் மதிப்பெண்கள் நடுத்தரமானவை. எந்த ஆய்வகத்தைத் தேர்ந்தால் வாய்ப்பு கூடும்?
– வேதிப்பொறியியல் மாணவர்

பதில்: "சிறு வயதிலிருந்தே நானோ தொழில்நுட்பம் என்னைக் கவர்ந்தது" என்று தொடங்கும் கட்டுரைகளை நான் ஆண்டுதோறும் அடுக்கடுக்காகப் படித்திருக்கிறேன். அந்த முதல் பத்தியை முழுவதுமாக நீக்கிவிட்டு, கையால் செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதுங்கள். பழுதான ஒரு மின்சுற்றில் எந்த இடத்தில் சிக்கல் என்று எப்படிக் கண்டீர்கள், ஆய்வுக்கூடத்தில் ஒரு வினை எதிர்பார்த்தபடி நடக்காதபோது எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்பன போன்ற செய்திகளே தேர்வாளருக்குத் தேவை. தூய அறையில் ஒரு மாணவரிடம் முதலில் எதிர்பார்ப்பது பொறுமையும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு காரணியை மாற்றும் பழக்கமும்தான். நடுத்தர மதிப்பெண் உள்ளவர் இவ்விரண்டையும் காட்டிவிட்டால், அவரைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தயக்கமே இருந்ததில்லை.

பரிந்துரைக் கடிதம் தருபவரிடம் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே கேளுங்கள். அமெரிக்கத் திட்டங்களுக்கான இறுதி நாள்கள் பெரும்பாலும் சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வருகின்றன என்பதால், இந்த வேலையை டிசம்பருக்குள் முடித்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தைப் பொறுத்தவரை, ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டு என்ற பெயர்களுக்கே எல்லோரும் குவிகிறார்கள். ஆனால் 2015-இல் 16 மையங்களோடு தொடங்கப்பட்ட அமெரிக்கத் தேசிய நானோ உட்கட்டமைப்பில் லூயிவில், நெப்ராஸ்கா, மின்னசோட்டா, மான்டனா போன்ற இடங்களும் இருந்தன. அத்தகைய மையம் எதுவாயினும் வெளிப் பயனாளர்களுக்காகவே நடத்தப்படுவதால், புதியவருக்குக் கற்பிக்கும் ஊழியர்கள் அங்கே இருப்பார்கள். 1977-லேயே நுண்ணமைப்புகளுக்கான தேசிய ஆய்வகமாகத் தொடங்கிய கார்னெல் மையத்துக்கு இந்தப் பழக்கம் மிக நீண்டது. பெயரைவிட, உங்களுக்கு நேரடியாக வழிகாட்டப்போகிறவர் யார், அவர் கோடை முழுவதும் ஊரில் இருப்பாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழிகாட்டி ஐந்து வாரம் மாநாடுகளில் இருந்தால், உலகின் மிகச் சிறந்த கருவியும் உங்களுக்குப் பூட்டிய பெட்டிதான்.

கேள்வி: எனக்கு இரண்டு திட்டங்கள் தரப்பட்டுள்ளன. ஒன்றில் எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபி, மற்றொன்றில் சாதாரண ஒளி லித்தோகிராஃபி. முதலாவதில் பத்து நானோமீட்டர் அளவு வடிவங்களை வரையலாம் என்கிறார்கள். அதையே எடுக்கலாமா?
– பொருளறிவியல் மாணவி

பதில்: எடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். எலக்ட்ரான் கற்றை ஒரு பேனாவைப் போல ஒவ்வொரு புள்ளியாக எழுதுகிறது. வரைய வேண்டிய பரப்பை, ரெசிஸ்டுக்குத் தேவையான மின்னூட்ட அளவால் பெருக்கி, கற்றையின் மின்னோட்டத்தால் வகுத்தால், எழுத ஆகும் நேரம் கிடைக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோகூலும் தேவைப்படும் ரெசிஸ்டில், 1 நானோஆம்பியர் கற்றையால், ஒரு சதுர மில்லிமீட்டரை நிரப்ப 3,000 நொடிகள், அதாவது 50 நிமிடம் ஆகும். அதே கற்றையால் ஒரு சதுர சென்டிமீட்டரை நிரப்ப வேண்டுமானால் 83 மணி நேரத்துக்கு மேல், கருவி இரவு பகலாக ஓட வேண்டும். ஒளி லித்தோகிராஃபியிலோ அந்தப் பரப்பு முழுவதும் சில நொடிகளில் ஒளியைப் பெற்றுவிடும். ஆனால் வடிவம் பொறித்த தகடான மாஸ்க்கை வேஃபரோடு ஒட்டி வைத்துச் செய்யும் எளிய முறையில் ஒரு மைக்ரோமீட்டருக்குக் கீழே போவது கடினம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எலக்ட்ரான்கள் அடிப்பரப்பில் பட்டுச் சிதறித் திரும்பி வந்து, அருகிலிருக்கும் வடிவங்களுக்கும் மின்னூட்டத்தைக் கொடுத்துவிடும் என்பதால், நெருக்கமான கோடுகளுக்கும் தனித்த கோட்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. சரியான அளவைக் கண்டுபிடிக்கவே ஒரே வடிவத்தைப் பல அளவுகளில் வரைந்து பார்க்கும் சோதனையை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கருவிக்காக முன்பதிவு செய்து காத்திருப்போர் வரிசையும் நீளமானது.

வழிகாட்டியிடம் கேளுங்கள்: எனக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கருவி கிடைக்கும்? நான் வரைய வேண்டிய மொத்தப் பரப்பு எவ்வளவு? இரண்டுக்கும் எண்ணிக்கையில் விடை வந்தால் முதல் திட்டத்தைத் தயங்காமல் எடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடை வந்தால் இரண்டாவதே மேல். ஒரு சுற்றை ஒரே நாளில் முடித்து, மறுநாளே பிழையைத் திருத்திப் பார்க்கக்கூடிய திட்டத்தில்தான் இளங்கலை மாணவர் அதிகம் கற்கிறார் என்பது என் கருத்து.

கேள்வி: என் மகள் இக்கோடையில் நானோ ஆய்வகத்துக்குச் செல்லவிருக்கிறாள். அங்கே ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவார்கள் என்று அறிந்தேன். அதைப் பற்றிப் படித்ததிலிருந்து உறக்கமில்லை. அனுப்பலாமா?
– ஒரு தந்தை

பதில்: உங்கள் அச்சத்தில் தவறில்லை. சிலிக்கான் ஆக்சைடைக் கரைக்க இந்த அமிலத்துக்கு இணையானது அரிது என்பதால் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. கண்ணாடியையே கரைத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் கலங்களில் மட்டுமே வைக்கப்படுகிறது. அது தோல் வழியே உள்ளே சென்று உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் இதயமே பாதிக்கப்படலாம். நீர்த்த கரைசல் பட்டால் உடனே வலிக்காது, பல மணி நேரம் கழித்தே வலி தொடங்கக்கூடும். இதனால்தான், "ஒன்றும் தெரியவில்லையே" என்று வீடு திரும்புவது மிகவும் ஆபத்தானது. ஒரு துளி பட்டதாக ஐயம் எழுந்தாலே நீரால் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பைத் தடவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒழுங்காக நடக்கும் ஆய்வகத்தில் இந்த அமிலத்தைத் தனியாகக் கையாள யாரையும் விடமாட்டார்கள். முகக்கவசம், அமிலம் புகாத மேலாடை, சாதாரணக் கையுறைமேல் முழங்கை வரை வரும் தடித்த கையுறை ஆகியவை கட்டாயம். களிம்பு கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். பல இடங்களில் கோடைக்கால மாணவர்களை இதன் அருகிலேயே விடுவதில்லை. ஊழியர் செய்து கொடுத்துவிடுவார், அல்லது ஆக்சைடைப் பிளாஸ்மாவால் உலர்முறையில் அரிக்கச் சொல்வார்கள். மகளை அனுப்புங்கள். ஆனால் களிம்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அதன் காலாவதி நாள் எது என்று முதல் நாளே பார்த்துவரச் சொல்லுங்கள்.

உண்மையில், இந்த அமிலத்தைவிட, பெயர் ஒட்டாத கலம்தான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. நான் இளைஞனாகப் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், தண்ணீர் என்று எண்ணி நான் கவிழ்க்கப்போன குவளையில் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசல் இருந்தது. பக்கத்தில் இருந்த கழிவுத் தொட்டியில் அசிட்டோன். இரண்டும் சேர்ந்திருந்தால் வெடித்திருக்கும். குவளையின் வெதுவெதுப்பைக் கையுறை வழியே உணர்ந்ததால் நின்றேன். பெரிய ஆபத்துகளுக்கு விதிகள் இருக்கின்றன. சிறிய சோம்பலுக்கு எதிராக எச்சரிப்பவர் யாருமில்லை.

கேள்வி: தூய அறைக்குள் என் வழக்கமான குறிப்பேட்டையும் பென்சிலையும் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர்

பதில்: கூடாது. சாதாரணத் தாளிலிருந்து நாரும் பென்சிலிலிருந்து கார்பன் தூளும் உதிரும். அதற்கென்றே உள்ள தாளும் பந்துமுனைப் பேனாவும் உள்ளேயே தருவார்கள்.

கேள்வி: சென்ற கோடையில் சிலிக்கான் ஆக்சைடின்மேல் 50 நானோமீட்டர் தங்கத்தில் நுண் மின்முனைகள் அமைப்பதே என் பணி. ரெசிஸ்டில் வடிவம் அழகாக வந்தது. ஸ்பட்டரிங் முறையில், அதாவது பிளாஸ்மாவால் தங்கக் கட்டியிலிருந்து அணுக்களைத் தெறிக்கவைத்து, தங்கத்தைப் படியவைத்து, இரவு முழுவதும் அசிட்டோனில் ஊறவைத்தேன். அடுத்தடுத்த வேஃபர்களில் ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தும் வேண்டாத தங்கம் சில இடங்களில் போகவே இல்லை. போன இடங்களில் ஓரங்கள் கிழிந்து சுவர்போல் நின்றன. கடைசி நாள் வரை ஒரு மின்முனைகூட வேலை செய்யவில்லை. வெறுங்கையோடு சுவரொட்டி முன் நின்றேன். இந்த ஆண்டு விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிடலாமா, மறைத்துவிடலாமா?
– நான்காம் ஆண்டு மாணவர்

பதில்: குறிப்பிடுங்கள். அதற்கு முன், நடந்தது என்ன என்று பார்ப்போம்; கடிதத்தில் நீங்கள் தந்திருக்கும் விவரங்களிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

நீங்கள் செய்த முறைக்கு லிஃப்ட்-ஆஃப் என்று பெயர். ரெசிஸ்டில் திறப்புகளை ஏற்படுத்தி, எல்லாவற்றின் மேலும் உலோகத்தைப் படியவைத்து, பிறகு ரெசிஸ்டைக் கரைத்தால், அதன்மேல் இருந்த உலோகம் மிதந்து போய், திறப்பில் படிந்தது மட்டும் நிற்கும். இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு: மேலே உள்ள உலோகத்துக்கும் கீழே உள்ள உலோகத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. அந்த இடைவெளி வழியாகத்தான் அசிட்டோன் உள்ளே நுழைய வேண்டும். ஸ்பட்டரிங்கிலோ அணுக்கள் பல திசைகளிலிருந்தும் வந்து விழுகின்றன. ரெசிஸ்டின் பக்கச் சுவரிலும் தங்கம் படிந்து, மேலையும் கீழையும் ஒரே போர்வையாக இணைத்துவிடுகிறது. போர்வை முழுதாக இருந்த இடத்தில் அசிட்டோன் நுழையவே இல்லை. நுழைந்த இடத்தில் பக்கச் சுவரின் தங்கம் பிய்ந்து, நீங்கள் கண்ட அந்தச் சுவர்களாக நின்றது. வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஆவியாக்கிப் படியவைத்திருந்தால், அணுக்கள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் மேலிருந்து வந்திருக்கும். பக்கச் சுவர் பெரும்பாலும் வெறுமையாக இருந்திருக்கும். திறப்பின் மேல்விளிம்பு கூரைபோல நீண்டு, கீழ்ப்பகுதி உள்வாங்கியிருக்குமாறு இரண்டடுக்கு ரெசிஸ்டைப் பூசுவது இன்னும் உறுதியான வழி. ரெசிஸ்டின் தடிமன் உலோகத்தின் தடிமனைப்போல் குறைந்தது மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஆய்வகங்களில் வழங்கும் கைக்கணக்கு.

இன்னொரு ஐயமும் இருக்கிறது. பிளாஸ்மாவின் வெப்பத்தால் ரெசிஸ்டே இறுகிப்போய் அசிட்டோனில் கரையாமல் போயிருக்கலாம். இரண்டில் எது காரணம் என்று பிரித்தறிவது கடினமன்று. வேஃபரைப் பிடித்திருந்த கவ்வியின் கீழே, உலோகம் படாமல், ஆனால் அதே சூட்டைத் தாங்கிய ஒரு துண்டு ரெசிஸ்ட் இருக்கும். அதன்மேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டதும் கரைந்துவிட்டால், சூடு குற்றவாளியல்ல. வேஃபரைக் குறுக்கே உடைத்து, உடைந்த விளிம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், பக்கச் சுவரில் தங்கம் இருக்கிறதா என்பதும் கண்கூடாகத் தெரியும். தங்கத்தின் அடியில் டைட்டானியமோ குரோமியமோ ஐந்து நானோமீட்டர் அளவுக்கு இட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆக்சைடின்மேல் தங்கம் தானாக ஒட்டாது என்பதால், இடவில்லையென்றால் மீதியிருந்த மின்முனைகளும் உரிந்து போயிருக்கும்.

இந்தச் செய்திகளில் எதையும் சென்ற கோடையில் உங்கள் வழிகாட்டி சொல்லவில்லை என்றால் குறை முழுவதும் உங்களுடையதன்று. ஆனால் ஊறவைக்கும் நேரத்தையே கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. மூன்றாவது வேஃபரும் அதே மாதிரி கெட்டபோது முந்தைய படிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில், "மின்முனைகள் அமைக்கும் திட்டத்தில் பங்கேற்றேன்" என்று பூசி மெழுகாதீர்கள். ஸ்பட்டரிங் செய்த தங்கத்தில் லிஃப்ட்-ஆஃப் ஏன் தோற்றது, அடுத்த முறை எந்த இரண்டு காரணிகளை மாற்றுவீர்கள் என்று ஐந்து வரிகளில் எழுதுங்கள். அதற்கு ஒரு படமும் தேவைப்படும். அந்தப் பழைய வேஃபர் துண்டுகள் இன்னும் ஏதாவதொரு பெட்டியில் கிடக்கக்கூடும். உங்கள் பழைய வழிகாட்டிக்கு இன்றே எழுதி, தூக்கி எறிவதற்குள் ஒன்றை உடைத்து நுண்ணோக்கியில் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.